ஆட்டிசம், பாலின உணர்வு, மனநலம்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மூன்று சாலைகள் கூடும் ஒரு முச்சந்தி போன்றது. ஆட்டிசம் என்னும் பிறவி இயல்பைப் பற்றிய ஆராய்ச்சி ஒரு சாலை. தம்மை ஆண் என்றோ, பெண் என்றோ, அவ்விரண்டிலும் அடங்காதவர் என்றோ ஒருவர் உள்ளத்தால் அறியும் பாலின உணர்வைப் பற்றிய ஆராய்ச்சி மற்றொரு சாலை. நம் உடலின் சுரப்பிகள் குருதியிற் கலக்கும் ஹார்மோன்களைப் பற்றிய ஆராய்ச்சி மூன்றாவது. இம்மூன்றும் கூடும் இடத்தில் நிற்பவர் ஒரு மனிதர். அவர் உண்பதும் உறங்குவதும், கல்வி கற்பதும், வேலை தேடுவதும், சில இரவுகளில் வாழ்வே வெறுத்து விழித்துக் கிடப்பதும் நம்மைப் போன்றே. அவருடைய மனநலத்துக்கு இவ்வாராய்ச்சிகள் என்ன செய்தன, என்ன செய்யக்கூடும் என்பதே நம் கேள்வி.

முதலில் ஆட்டிசம் என்பது யாது எனக் காண்போம். 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவர் யூஜின் பிளாய்லர். அவர் 1911 ஆம் ஆண்டின் நூலில் இதனை வேறொரு மனநோயின் அறிகுறியாகவே கையாண்டார். குழந்தைகளிடம் காணப்படும் தனித்த இயல்பாக இதனை விரித்துரைத்தவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கேனர். அவர் 1943 இல் வெளியிட்ட கட்டுரையில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறரோடு கலந்து பழகுவதில் இடர்ப்பாடு, மொழியைத் தமக்கே உரிய முறையில் கையாளுதல், அன்றாட ஒழுங்கு சிறிது பிறழ்ந்தாலும் பொறுக்க மாட்டாமை, ஒரு பொருளில் ஆழ்ந்து தோய்ந்துவிடும் ஈடுபாடு ஆகியவற்றை அவர்களிடம் கண்டார். அப்பதினொருவருள் சிறுவர் எண்மர், சிறுமியர் மூவர். இந்த 8 : 3 என்னும் எண்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் எழுந்த பெரியதொரு வாதத்துக்கு இவ்வேற்றுமையே வித்து.

தமிழில் இதனை 'மதியிறுக்கம்' என்று வழங்குவதுண்டு. மதி இறுகிப்போனவர் என்னும் பொருள் அதில் தொனிப்பதால் நாம் ஆட்டிசம் என்ற சொல்லையே இங்கு ஆள்கிறோம். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று. வளர்ப்பின் பிழையும் அன்று. ஆனால் இந்த எளிய உண்மையை மருத்துவ உலகம் ஏற்பதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. தாயின் அன்பு குளிர்ந்து போனமையே குழந்தையின் இந்நிலைக்குக் காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பல நிபுணர்கள் நம்பினர். அத்தாய்மாரைக் 'குளிர்பதனப் பெட்டித் தாயர்' என்றுகூட அழைத்தனர். தூக்கமின்றிக் குழந்தையைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்கு வந்த தாயிடமே குற்றத்தையும் சுமத்தி அனுப்பிய காலம் அது.

அந்தக் கொள்கையை வீழ்த்தியது ஒரு சிறிய, பொறுமையான ஆராய்ச்சி. சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1977 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே கருமுட்டையினின்று பிரிந்த 11 இணைகளுள் நான்கில், இருவருமே ஆட்டிசம் உடையவராயிருந்தனர். இரு கருமுட்டைகளினின்று பிறந்த 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. எனினும் முடிவு வேறுபட்டது. ஆதலின் மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பது தெளிவாயிற்று. எளிதாகக் கிடைத்த ஒற்றைக் காரணம் எவ்வளவு பேரைப் புண்படுத்தக்கூடும் என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்று. இதனை இங்கு நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

இனிப் பாலின உணர்வுக்கு வருவோம். பிறந்தபோது உடலைக் கண்டு மற்றவர் கூறிய பாலினமும், வளர்ந்தபின் உள்ளம் கூறும் பாலினமும் பெரும்பாலோர்க்கு ஒன்றாகவே அமைகின்றன. சிலர்க்கு அவ்வாறு அமைவதில்லை. திருநங்கையர், திருநம்பியர், இரண்டிலும் அடங்காதவர் எனப் பலரும் இவருள் அடங்குவர். இவர்களை மனநோயாளர் பட்டியலிலேயே நெடுங்காலம் வைத்திருந்தது மருத்துவம். உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தும் தன் பதினோராம் பதிப்பில் இதனை மனநோய்ப் பகுதியினின்று விலக்கியது. 'பாலினப் பொருந்தாமை' என்ற பொருளுடைய பெயரிட்டு வேறொரு பகுதியில் வைத்தது. 2019 இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற அப்பதிப்பு 2022 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. இம்மாற்றத்தின் பொருள் யாதெனின், அந்த உணர்வு நோயன்று. அதனால் வரும் துன்பத்துக்கு உதவி தேவைப்படலாம் என்பதே.

இவ்விரண்டு இயல்புகளும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுதல் வெறும் தற்செயலா? மருத்துவர்கள் பலர்க்கு இந்த ஐயம் நெடுநாளாக இருந்தது. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள பாலின மருத்துவ நிலையத்துக்கு வந்த 204 சிறார்களையும் இளைஞர்களையும் முறையாக ஆராய்ந்து, 2010 இல் அறிக்கை ஒன்று வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 7.8 பேர் ஆட்டிசம் உடையவர் என அது கூறியது. பொதுமக்களிடையே அக்காலத்தில் கணக்கிடப்பட்ட அளவோ நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தது. பின்னர் அமெரிக்காவில் மறுதிசையிலிருந்து நோக்கினர். ஆட்டிசம் உடைய குழந்தைகளின் பெற்றோர் தந்த விடைகளை ஒப்பிட்டபோது, வேற்றுப் பாலினத்தவராக இருக்கும் விருப்பம் ஏனைய குழந்தைகளைவிட அக்குழந்தைகளிடம் ஏறத்தாழ ஏழரை மடங்கு மிகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. அக்கட்டுரை 2014 இல் வெளிவந்தது.

ஆயினும் ஒரு மருத்துவ நிலையத்துக்கு வருபவரை மட்டும் கண்டு உலகத்தை அளத்தல் தகாது. நிலையத்துக்கு வருபவர் துன்பம் மிகுந்தவராயிருத்தல் கூடும்; அங்கு நிபுணர்கள் உற்று நோக்குவதால், மற்றோரிடத்தில் கவனியாது விடப்படும் இயல்பும் அங்கே புலப்பட்டிருத்தல் கூடும். ஆகவே பெருந்தொகையினரைக் கொண்ட ஆராய்ச்சி வேண்டியதாயிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த வருண் வாரியரும் அவருடைய துணைவர்களும் 2020 இல் அத்தகைய ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஐந்து தனித்தனித் திரட்டுகளிலிருந்து மொத்தம் 6,41,860 பேரின் விவரங்களை அவர்கள் ஆராய்ந்தனர். தம் பாலினம் பிறப்பிற் குறித்ததோடு பொருந்தாதவர்கள், பொருந்தியவர்களைவிட மூன்று மடங்கு முதல் ஆறு மடங்கு வரை ஆட்டிசம் உடையவராய் இருக்கும் வாய்ப்புடையர் எனக் கண்டனர். இத்திரட்டுகளுள் மிகப் பெரியது, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியையொட்டி மக்கள் தாமே முன்வந்து விடையளித்ததால் கிடைத்தது. அதில் குறைகள் இருக்கலாம். ஆனால் வெவ்வேறு முறையில் திரட்டிய ஐந்தும் ஒரே திசையைக் காட்டியதால், முடிவைத் தள்ளிவிட இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'மூன்று மடங்கு', 'ஆறு மடங்கு' என்னும் சொற்களைக் கேட்டவுடன், திருநர் அனைவரும் ஆட்டிசம் உடையவர் என்றோ, ஆட்டிசம் உடைய குழந்தைகள் யாவரும் வளர்ந்து பாலினம் மாறுவர் என்றோ எண்ணிவிடலாகாது. சிறிய எண்ணை ஆறால் பெருக்கினாலும் அது பெரும்பாலோரைக் குறிப்பதாகிவிடாது. ஆட்டிசம் உடையவருள் மிகப் பலர்க்குப் பாலினப் பொருந்தாமை இல்லை. திருநருள் பெரும்பாலோர் ஆட்டிசம் உடையவர் அல்லர். இரண்டும் ஒருங்கே அமைந்தவர் ஒரு சிறு கூட்டத்தினர். ஆனால் கணக்கில் கொள்ளாது விடத்தக்க சிறுமையன்று.

இச்சேர்க்கைக்குக் காரணம் யாது? இங்குதான் ஹார்மோன்கள் அரங்கேறுகின்றன. 'தூண்டுதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹார்மோன் என்ற பெயரை 1905 இல் லண்டனில் வழங்கியவர் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். ஒரு சுரப்பியிற் பிறந்து, குருதி வழியே சென்று, தொலைவிலுள்ள உறுப்பை இயக்கும் தூதுப் பொருள் இது. டெஸ்டோஸ்டிரோன் ஆண்மைக்கும் ஈஸ்ட்ரோஜன் பெண்மைக்கும் உரியவை என்று பகுத்து வைத்தனர் முன்னோர். ஆனால் இயற்கை அப்பகுப்பை மதிக்கவில்லை. 1934 இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்னும் ஆராய்ச்சியாளர், ஆண் குதிரையின் சிறுநீரில் பெண்மைக்குரியதென்று கருதப்பட்ட ஹார்மோன் மிகுந்த அளவில் இருப்பதைக் கண்டு வெளியிட்டார். ஆணுடலிலும் பெண்ணுடலிலும் இரு வகையும் உண்டு; அளவிலும் காலத்திலும்தான் வேற்றுமை.

காலம் என்றோம். அதன் முதன்மை 1959 இல் விளங்கிற்று. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக் கழகத்தில் கருவுற்ற கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினர். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் ஆணுக்குரிய நடத்தையை மிகுதியாகக் காட்டின. கருவில் இருக்கும்போது வந்து சேரும் ஹார்மோன், மூளையின் அமைப்பில் நிலைத்த தடத்தை விட்டுச் செல்லும் என்ற கருத்து அன்று வேரூன்றியது.

அந்தக் கருத்தையே ஆட்டிசத்துக்கும் பொருத்திப் பார்த்தார் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சைமன் பேரன்-கோஹன். கேனர் கண்ட பதினொருவருள் எண்மர் சிறுவர் என்று முன்னர்க் கூறினோம். பிற்காலக் கணக்குகளிலும் ஆண்களே மிகுதியாக இருந்தனர். ஆகவே ஆட்டிசம் என்பது ஆண் மூளையின் மிகைப்பட்ட வடிவம் என்றும், கருவில் டெஸ்டோஸ்டிரோன் மிகுவது அதற்கு ஒரு காரணமாகலாம் என்றும் அவர் கருதினார். டென்மார்க் நாட்டில் சேமித்து வைக்கப்பட்டிருந்த பனிக்குட நீரை அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். பின்னாளில் ஆட்டிசம் உடையவராகக் கண்டறியப்பட்ட 128 ஆண்களுக்குரிய நீரில், டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட ஸ்டீராய்டு ஹார்மோன்களின் அளவு பொதுவாக மிகுந்திருந்தது என 2015 இல் எழுதினர். அதே திரட்டை மீண்டும் ஆராய்ந்து, ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்களும் மிகுந்திருந்தன, அவற்றின் தொடர்பு இன்னும் வலியது என 2019 இல் அறிவித்தனர். ஆண்மையின் மிகை என்று தொடங்கிய கொள்கை, பெண்மைக்குரியதென்று பெயர்பெற்ற ஹார்மோனிடம் வந்து நின்றது.

இக்கொள்கையைப் பிற ஆராய்ச்சிகள் எவ்வாறு தாங்கின எனக் காண்போம். அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்றினால் சில பெண் குழந்தைகள் கருவிலேயே மிகுந்த ஆண் ஹார்மோனுக்கு உட்படுகின்றனர். கொள்கை முற்றும் மெய்யாயின், இக்குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் கூறுகள் மிகுந்திருத்தல் வேண்டும். கார்சன் குங், மெலிசா ஹைன்ஸ் முதலியோர் 2016 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பொதுவாக வளரும் குழந்தைகளின் பனிக்குட நீரில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் அளவும் ஆட்டிசக் கூறுகளோடு பொருந்தவில்லை. அன்றியும், அந்தச் சுரப்பிக் கோளாற்றோடு பிறந்து பெண்களாக வளர்க்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் தம்மைப் பெண் என்றே உணர்கின்றனர்.

மற்றொரு சான்றும் உண்டு. கண்களை மட்டும் காட்டும் படத்தைப் பார்த்து அவருடைய மனநிலையை ஊகிக்கும் சோதனை ஒன்றுண்டு. 16 இளம் பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது அச்சோதனையில் அவர்கள் திறம் குறைந்தது என 2011 இல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அது பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. 2019 இல் 643 ஆண்களிடம் அதே சோதனையை விரிவாகச் செய்து பார்த்தனர். ஹார்மோன் எந்த மாறுதலையும் உண்டாக்கவில்லை. பெண்களிடம் கண்டதும் ஆண்களிடம் கண்டதும் ஒன்றேயாக வேண்டும் என்பதில்லை. ஆயினும் பதினாறு பேரின்மேல் எழுப்பிய கோபுரம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை அந்த 643 என்னும் எண் உணர்த்துகிறது.

தருக்க முறையிலும் ஒரு தடை எழுகின்றது. கருவில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தமையால் ஆட்டிசமும் ஆண் என்னும் உணர்வும் ஒருங்கே வந்தன என்று ஒரு திருநம்பியைச் சுட்டிக் கூறலாம். ஆட்டிசம் உடைய திருநங்கைக்கு என்ன விடை கூறுவது? அதே ஹார்மோன் அவரைப் பெண்ணென்று உணரச் செய்தது என்று கூறுதல் பொருந்துமா? இரு திசையிலும் இச்சேர்க்கை காணப்படுவதால், ஒரு திசைக்கு மட்டும் பொருந்தும் விளக்கம் முழு விளக்கமாகாது. ஆண், பெண் விகிதத்தைப் பற்றிய அடிப்படையும் இன்று தளர்ந்துள்ளது. பெண்ணுக்கு நான்கு ஆண் என்று சொல்லி வந்த கணக்கைப் பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2017 இல் மீண்டும் எடைபோட்டபோது, மூன்றுக்கு ஒன்று என்பதே உண்மைக்கு அணித்தென்று கண்டனர். பெண்களிடம் ஆட்டிசம் கண்டறியப்படாமலே போவதும் வேற்றுமைக்கு ஒரு காரணம் என்றனர்.

ஹார்மோன்களுக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை என்று நாம் கூற வரவில்லை. பங்கு இருக்கலாம், மரபணுக்களோடும் வேறு பலவற்றோடும் பின்னிக் கிடக்கலாம். வேறு விளக்கங்களும் உண்டு. ஊரார் என்ன சொல்வாரோ என்ற அச்சம் ஆட்டிசம் உடையவர் பலரைக் குறைவாகவே கட்டுப்படுத்துகிறது. ஆதலின் மற்றவர் மறைத்துக்கொள்ளும் உணர்வை அவர்கள் மறையாது கூறுகின்றனர் என்பது ஒன்று. ஒரு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தவரிடம் மற்றதும் எளிதிற் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது இன்னொன்று. இவற்றுள் எதுவும் தனித்து வெற்றி பெறவில்லை. குளிர்ந்த தாயைக் குற்றவாளி ஆக்கிய பழங்கதையை நினைவில் கொண்டவர்கள், இன்னொரு ஒற்றைக் காரணத்தை அவசரமாக அரியணையில் ஏற்ற மாட்டார்கள்.

காரணம் எதுவாயினும், இன்றைக்குத் துன்புறும் மனிதர் காத்திருக்க இயலாது. மனநலத்தைப் பற்றிய எண்கள் கலக்கம் தருவன. ஸ்வீடன் நாட்டில் ஆட்டிசம் உடைய 27,122 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 2016 இல் வெளிவந்தது. அவர்களுள் இறந்தோரின் சராசரி வயது 54 அளவிலும், ஒப்பிட்ட பொதுமக்களுள் இறந்தோரின் சராசரி வயது 70 அளவிலும் இருந்தது. தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் மிகுந்திருந்தது. திருநரிடையேயும் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதி என்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இரண்டு சுமைகளும் ஒருவர் தோளிலேயே சேர்வதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்துன்பம் அவருடைய இயல்பிலேயே ஊறியதா? அல்லது நாம் அவருக்குத் தருவதா? சிறுபான்மையினர் நாள்தோறும் சந்திக்கும் ஏளனம், அச்சம், மறைத்து வாழும் நெருக்கடி ஆகியவையே அவர்களுடைய மனநோய்க்குப் பெரிய காரணம் என்று 2003 இல் அமெரிக்க அறிஞர் இலான் மேயர் விரிவாக வாதிட்டார். ஆட்டிசம் உடையவரிடம் இதற்கு இணையான ஒன்று உண்டு. பார்வையைச் சந்திக்கப் பழகுதல், சிரிப்பை ஒத்திகை பார்த்தல், கைகளின் அசைவை அடக்குதல் என, மற்றவரைப் போலத் தோன்ற அவர்கள் ஓயாது வேடம் புனைகின்றனர். இவ்வாறு மிகுதியாக வேடம் புனைபவரிடமே வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணமும் மிகுந்திருந்தது என, 164 ஆட்டிசம் உடைய பெரியோரிடம் நடத்திய ஆராய்ச்சி 2018 இல் காட்டிற்று. கூத்தாடுபவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்து இளைப்பாறுவார். ஆட்டிசத்தையும் மறைத்து, பாலின உணர்வையும் மறைத்து வாழ்பவர்க்கு விடியலே இல்லை.

வேறொரு செய்தி நம்பிக்கை தருகிறது. தாம் உணர்ந்த பாலினத்தில் வாழக் குடும்பத்தினர் துணைநின்ற 73 குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2016 இல் முடிவை வெளியிட்டனர். அவர்களிடம் மனச்சோர்வு ஏனைய குழந்தைகளின் அளவிலேயே இருந்தது. பதற்றம் மட்டும் சிறிது மிகுந்திருந்தது. தாமே முன்வந்த குடும்பங்கள் ஆதலின் இது இறுதித் தீர்ப்பாகாது. எனினும், துன்பம் அந்த இயல்போடு பிரிக்க முடியாதபடி கட்டுண்டதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

ஹார்மோன் காரணமாவது ஒரு கேள்வி. ஹார்மோன் மருந்தாவது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்புதல் கூடாது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையை நாடிய 64 பெரியோரை இரு பகுதியாகக் குலுக்கற் சீட்டு முறையிற் பிரித்தனர். ஒரு பகுதியினர்க்கு உடனே மருந்து தொடங்கினர். மறு பகுதியினர் வழக்கம்போல் மூன்று மாதம் காத்திருந்தனர். உடனே பெற்றவரிடம் பாலினம் பற்றிய மன வேதனையும் சோர்வும் குறைந்தன என்று 2023 இல் வெளியிட்டனர். இது வயது வந்தோரைப் பற்றியது; மூன்று மாதத்தைப் பற்றியது. சிறுவயதினரைப் பற்றிய செய்தி வேறு. இங்கிலாந்தில் மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கை, பருவமடைவதைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கும் சிறுவயதினர்க்குரிய ஹார்மோன் சிகிச்சைக்கும் உள்ள சான்று வலுவற்றது என்றது. அங்கு வரும் குழந்தைகளிடம் ஆட்டிசம் உள்ளதா என்பதையும் ஆராய வேண்டும் என்றது. அவ்வறிக்கையின் முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் மருத்துவ உலகில் உள்ளனர்.

இவ்வாதத்தில் ஆட்டிசம் ஓர் ஆயுதமாகப் பயன்படுவதையே நாம் அஞ்சுகிறோம். 'இவருக்கு ஆட்டிசம் உண்டு. ஆகவே தம் பாலினத்தைப் பற்றி இவர் கூறுவதை நம்ப வேண்டுவதில்லை' என்று ஒரு சாரார் கூறுகின்றனர். பாலினத்தைப் பற்றிய கேள்வி தீர்ந்தால் எல்லாம் தீரும் என்று கருதி, ஆட்டிசத்துக்கு வேண்டிய துணையை மறந்துவிடுவோரும் உண்டு. இரண்டும் பிழை. இரண்டும் ஒருங்கே அமைந்த இளைஞர்க்கென நிபுணர்கள் கூடி வகுத்த வழிமுறை 2018 இல் வெளியாயிற்று. ஆட்டிசம் உண்டு என்ற ஒன்றே பாலின மருத்துவத்துக்குத் தடையாகாது என்று அது கூறுகிறது. அதனோடு, விளக்கம் தெளிவாகவும் படிப்படியாகவும் இருக்கவேண்டும், முடிவுக்குப் போதிய காலம் தரவேண்டும் என்றும் கூறுகிறது. நம்புதலும் நிதானமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவ்வழிமுறை நமக்குக் கற்பிக்கிறது.

ஆட்டிசம் உடையவர்க்குப் பிறர் உள்ளத்தை அறியும் ஆற்றல் குறைவு என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். தாமே ஆட்டிசம் உடையவரான பிரிட்டிஷ் அறிஞர் டேமியன் மில்டன் 2012 இல் ஒரு மறுவினா எழுப்பினார். அவர்களுடைய உள்ளத்தை மற்றவர்கள் அறிந்தார்களா என்பதே அவ்வினா. புரிந்துகொள்ளாமை இருபுறமும் உள்ளது. குற்றத்தை ஒருபுறத்தில் மட்டும் எழுதியது நம் கணக்கின் தவறு என்றார் அவர். இன்று நாம் பேசும் பொருள் முழுவதற்கும் இவ்வினா பொருந்தும்.

மேலே கூறிய எண்கள் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களிற் கிடைத்தவை. அவற்றை அப்படியே பெயர்த்து நம் நாட்டின் மீது எழுதிவிடுதல் முறையன்று. இங்கு குடும்ப அமைப்பு வேறு. மருத்துவரை அணுகும் வாய்ப்பு வேறு. திருநர் சமூகத்தின் நெடிய மரபும் வேறு. எனினும் சட்டத்தில் இவ்விருவர்க்கும் இடம் உண்டாகியிருக்கிறது. 2014 ஏப்ரல் 15 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலிற் சேர்த்தது. இரண்டும் இரண்டு அலுவலகங்களின் இரண்டு கோப்புகளில் இருக்கின்றன. இரண்டுக்கும் உரிய ஒரே மனிதர் எந்த வாயிலில் நிற்பார் என்பதை மருத்துவர்களும், ஆசிரியர்களும், அலுவலர்களும் எண்ண வேண்டும்.

ஆணென்றும் பெண்ணென்றும் வரையறைக்குள் அடங்காதவரைக் குறிக்கும் சொல்லுக்கு இலக்கணம் வகுக்க நேர்ந்தபோது, தொல்காப்பியர் அச்சொல்லை உயர்திணையில் வைத்தார். தனக்கென ஈற்றெழுத்து இல்லாத அச்சொல், உயர்திணையின் வினைமுடிபையே பெறும் என்றார். ஈற்றெழுத்து இல்லை என்பதற்காக அதனை அஃறிணைக்குத் தள்ளிவிடவில்லை.

வீட்டில் ஒரு மகனோ மகளோ, தயங்கித் தயங்கி, பார்வையைச் சந்திக்காமலே, 'நீங்கள் நினைப்பதுபோல் நான் இல்லை' என்று கூறும் வேளை ஒன்று வரக்கூடும். அப்போது ஆராய்ச்சியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. அருகில் அமர்ந்து முழுவதையும் கேட்டுக்கொள்வதற்கு எந்த ஆய்வுக்கூடத்தின் சான்றும் தேவையில்லை. அதன்பின் தகுந்த மருத்துவரை நாடலாம், காலம் எடுத்துக்கொள்ளலாம், ஐயங்களைக் கேட்டுத் தெளியலாம். முதல் மறுமொழி ஏளனமாகவோ கோபமாகவோ இராதிருந்தால், அவருடைய மனநலத்துக்கு வேண்டிய முதல் மருந்தை நாம் வீட்டிலேயே கொடுத்தவராவோம்.